டின் பொறுக்குவது இழிவா?

‘ஒழுங்காகப் படி. இல்லாவிட்டால் நாளைக்கு டின் பொறுக்கத்தான் போவாய்!’

இந்த வாக்கியத்தை ஒருமுறையேனும் சொல்லாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மிகச் சிலரே இருப்பர். பெற்றோரும் சொல்கின்றனர். தீய எண்ணத்தோடு யாரும் இதைச் சொல்வதில்லை. பிள்ளை முன்னேற வேண்டுமே என்ற ஆதங்கத்தில் வந்து விழும் சொல் அது. நானும் சொல்லியிருக்கிறேன். பல ஆண்டுகளாகப் பல வகுப்புகளில் எவ்விதக் கூச்சமும் இன்றிச் சொல்லியிருக்கிறேன். 2013-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வுக்குப் பிறகே அதனை நிறுத்தினேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். எழுதத் தயக்கமாகவும் இருந்தது. குற்றம் என்னுடையது என்பதே அந்தத் தயக்கத்திற்குக் காரணம்.

அவ்வாண்டு எங்கள் பள்ளியில் மறுசுழற்சி வாரம் நடத்தினோம். நான்தான் பொறுப்பாசிரியை. ஒவ்வொரு வகுப்பும் பழைய நாளிதழ்களையும் வெற்று டின்களையும் கொண்டு வர வேண்டும். எடை போட்டு, அதிகம் சேர்த்த வகுப்புக்குப் பரிசு. எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். அதே வாரத்தில், நான்காம் ஆண்டு வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த ஒரு மாணவனைப் பார்த்து மேற்சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. ஆனால் நான் ஏசிய அந்த மாணவனைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த வேறொரு பையனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்தப் பையன் அந்த வாரம் முழுவதும் ஒரு டின்கூடக் கொண்டு வரவில்லை. ‘உன் வீட்டில் ஒரு பால் டின்கூடவா இல்லை?’ என்று கேட்டேன். ‘இல்லை டீச்சர்’ என்றான், தரையைப் பார்த்தபடி.

தவணை இறுதியில் தேர்ச்சி அறிக்கை வாங்க அவனுடைய பாட்டி வந்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, பின்னர் துண்டாடப்பட்டு, லயன் வீடுகள் இடிக்கப்பட்டபின் ஈப்போவுக்கு வெளியே ஒரு மலிவு விலை வீட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். காலையிலும் மாலையிலும் தாமான் முழுதும் நடந்து டின்னும் அட்டைப் பெட்டியும் சேர்த்து விற்கிறார். வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்த செய்தி, எனக்கு மட்டும் தெரியவில்லை.

‘என்னான்னு தெரியல டீச்சரம்மா, கொஞ்ச நாளா பேரன் என்னையப் பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதேங்கிறான்’ என்றார். அதைவிட, அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. ‘நீங்க டின் சேத்தீங்களே, அந்த வாரம் எனக்கு ஒண்ணுமே அம்படல. புள்ளைங்க வீடு வீடாப் போய் வாங்கிட்டுப் போயிட்டாங்க. போனாப் போவுது, பேரன் பள்ளிக்கூடந்தானே.’

அவர் குறையாகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் சொன்னார். ஒரே வாரத்தில் நான் இரண்டு செயல்களைச் செய்திருக்கிறேன். அவருடைய தொழில் இழிவானது என்று அவர் பேரனுக்குக் கற்பித்திருக்கிறேன். அத்தொழிலில் கிடைத்து வந்த சொற்ப வருமானத்தையும், சுற்றுச்சூழல் கல்வி என்ற பெயரில், பிள்ளைகளை அனுப்பிப் பறித்திருக்கிறேன்.

டின் பொறுக்குவது இழிவு என்ற எண்ணம் நம்மிடம் எப்படி வந்தது? தோட்டத்தில் இருந்து வந்ததாகத் தெரியவில்லை. ஏனெனில் தோட்டமே சிதறியதைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் நடந்தது.

பால் மரம் வெட்டிய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய இளம் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து எடுத்துப் போனபிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்படிச் சொட்டியது மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாகும். வெட்டிய கோட்டின்மேல் காய்ந்து நாடாவைப்போல் ஒட்டிக் கிடப்பது ஒட்டுப்பால். மறுமுறை வெட்டுமுன் அதை உருவிச் சாக்கில் போட்டுக்கொள்வார்கள். மரத்தடியில் மண்ணோடு உறைந்து கிடப்பதையும் விடமாட்டார்கள். அத்தனையும் நிறுக்கப்படும். அதற்குத் தனிக் கூலி உண்டு. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து ஒட்டுப்பால் உருவ உதவிய குடும்பங்கள் எத்தனை! துர்நாற்றம் உடம்பை விட்டுப் போகாது. ஆனாலும் ஒட்டுப்பால் உருவுவதை யாரும் இழிவென்று சொன்னதாக நான் கேட்டதில்லை. அது தொழிலின் ஒரு பகுதி. அந்தப் பாட்டியின் கைகள் முப்பது ஆண்டுகளாகச் செய்த அதே வேலையைத்தான் இன்று தாமானில் செய்கின்றன. மரத்திற்குப் பதில் குப்பைத் தொட்டி, அவ்வளவே வேறுபாடு.

லயன் வீடுகளிலும் டின் என்பது குப்பை அன்று. இனிப்புப்பால் தீர்ந்த டின் அரிசி அளக்கும் படியாகும். சமையற்குறிப்பைக்கூட ‘ரெண்டு டின் அரிசிக்கு’ என்றுதான் சொல்வார்கள். ரொட்டி டின்னில் தீபாவளி முறுக்கு வைக்கப்படும். மண்ணெண்ணெய் டின்னுக்குக் கட்டையில் கைப்பிடி போட்டால் தண்ணீர் வாளி. நெகிழிப் பைகள் பரவுமுன் சாப்பாட்டுக் கடைகளில் தேநீரையும் காப்பியையும் பால் டின்னில் ஊற்றி, கயிறு கோத்துத் தொங்கவிட்டுக் கொடுத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளிதழின் கதையும் அதுதான். தோட்டத்திற்கு வரும் ஒரு ‘தமிழ் நேசன்’ பல கைகள் மாறும். ஒருவர் படிக்கப் பலர் கேட்பர். பிறகு அது பள்ளிப் புத்தகத்திற்கு உறையாகும், அலமாரித் தட்டில் விரிப்பாகும், கடைசியில் அடுப்புக்குப் போகும். (1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019 ஜனவரியோடு நின்றுபோனது வேறொரு துயரம்.) ஈப்போ புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்றே ஒரு குடியிருப்பு உண்டு. அங்கிருந்து தலையில் தட்டைச் சுமந்து சென்ற நம்மவர்கள் பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டித்தான் கடலை விற்றார்கள். அச்சுமை உணவில் படுவது நல்லதன்று என்பது இன்று நமக்குத் தெரியும். அதனால் அந்த வழக்கத்திற்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தாளுக்கு எத்தனை பிறவிகள் இருந்தன என்பதைத்தான் குறிப்பிடுகிறேன்.

தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. வறுமையே அவர்களுக்குச் சிக்கனத்தைக் கற்பித்தது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்திருந்தால் அவர்களும் புதிய வாளியே வாங்கியிருப்பர். ஆனால் வறுமையை வெறுக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, வறியவர் செய்த வேலையை வெறுக்கப் பழகிவிட்டோம். தோட்டத்தை விட்டு வெளியேறிய முதல் தலைமுறைக்கு, ‘இனிமேல் பொறுக்கிப் பிழைக்க வேண்டியதில்லை’ என்பது ஒரு விடுதலை. அதை நான் மதிக்கிறேன். அந்த விடுதலை உணர்வே அடுத்த தலைமுறையில், இன்னும் பொறுக்கிப் பிழைப்பவர்மீது ஏளனமாக மாறியதைத்தான் ஏற்க முடியவில்லை.

நம் தோட்டங்களுக்கு மட்டுமே உரிய வழக்கமும் அன்று இது. ஈப்போ நகரமே கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்தது. பெரிய சுரங்கங்கள் கழித்துவிட்ட மண்ணும் நீரும் ஓடும் ஓடைகளில் முழங்கால் அளவு நீரில் குனிந்து நின்று, டூலாங் என்னும் மரத்தட்டில் மணலை அலசி, எஞ்சிய ஈயத்தைச் சேர்த்தார்கள் பெண்கள். பெரும்பாலோர் சீனப் பெண்கள். அதற்கு அரசாங்க உரிமமும் இருந்தது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று ஈப்போ மக்கள் டூலாங் பெண்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். அவர்களுடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. எஞ்சிய ஈயத்தைப் பொறுக்கியவர் வரலாறு ஆகிவிட்டார். அந்த ஈயம் பூசிய டின்னைப் பொறுக்குபவர் மட்டும் நம் பிள்ளைகளுக்குப் பயமுறுத்தும் உவமை!

ஆம், டின் என்ற சொல்லே ஈயத்தின் ஆங்கிலப் பெயர்தானே. சார்டின் டின்னும் பால் டின்னும் உண்மையில் எஃகுத் தகடுகள். துருப்பிடிக்காதிருக்க மெல்லிய ஈயப் பூச்சு பூசப்பட்டவை. குளிர்பான டின்கள் அலுமினியம். காந்தத்தை வைத்தால் எஃகு ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. இதை நான் அறிவியல் பாடத்தில் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். பாட்டி, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். பெரும்பாலும் அதுகூட அவருக்குத் தேவைப்படுவதில்லை. விரலால் ஒரு சுண்டு. ஓசையிலேயே சொல்லிவிடுவார்.

அலுமினியத்துக்குத்தான் நல்ல விலை. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதைக் காட்டிலும், பழையதை உருக்கி எடுக்க ஏறத்தாழ 95 விழுக்காடு குறைவான ஆற்றலே போதும். ஆகவே ஆலைகள் அதனைத் தேடி வாங்குகின்றன. ஆனால் ஒரு குளிர்பான டின் பதினான்கு கிராம்கூட இருப்பது அரிது. ஒரு கிலோ சேர எழுபதுக்கும் மேற்பட்ட டின்கள் வேண்டும். எழுபது முறை குனிந்து நிமிர வேண்டும், அறுபத்தைந்து வயது முதுகோடு. நாளிதழ்க்கோ கிலோவுக்குச் சில காசுகள்தாம். மழையில் நனைந்துவிட்டால் அதுவும் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். வீடுகளில் குப்பையைப் பிரிப்பது கட்டாயம் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவற்றோடு ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்கள் அதனை ஏற்றன. அங்கே 2015 செப்டம்பரில் குப்பையைப் பிரிக்கும் விதி தொடங்கியது. 2016 ஜூன் முதல் மீறியோருக்குத் தண்டமும் வந்தது. அன்று ஏற்ற மாநிலங்களின் பட்டியலில் நம் பேராக் இல்லை. தாளுக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, அலுமினியத்துக்கும் நெகிழிக்கும் ஆரஞ்சு என்று வண்ணத் தொட்டிகளை நாம் பாடநூலில் படிக்கிறோம், தேர்வில் கேட்கிறோம். வீட்டுக்குத் திரும்பும் பிள்ளை எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் போட்டுக் கட்டுகிறது.

அப்படியானால் ஈப்போவில் பழைய தாளும் டின்னும் எவ்வாறு ஆலைக்குப் போய்ச் சேர்கின்றன? ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’ என்று கூவிக்கொண்டு வரும் லோரிகள். சூ சி பௌத்த அறவாரியத்தின் தொண்டர்கள். அவர்களைப் பார்த்து நான் வியந்ததுண்டு. வசதியான வீட்டுப் பெண்மணிகளும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கையுறை மாட்டிக்கொண்டு, தரையில் அமர்ந்து, போத்தல் மூடிகளைக்கூடத் தனித்தனியே பிரிப்பார்கள். 1990-இல் தைவானில் அவ்வமைப்பை நிறுவிய துறவியார் செங் யென் ஒரு சொற்பொழிவில், கைதட்டும் கைகளைக் கொண்டு மறுசுழற்சி செய்யுங்கள் என்னும் பொருள்படக் கேட்டுக்கொண்டதில் தொடங்கிய பணி அது. அங்கே அது அறச்செயல். அதே வேலையைத் தோள்பையும் தள்ளுவண்டியுமாக ஒரு தமிழ்ப் பாட்டி செய்தால் இழிவு. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மூன்றாவதாக, அந்தப் பாட்டியைப் போன்றவர்கள். 2020-க்குள் நாட்டின் மறுசுழற்சி 22 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது அரசின் இலக்கு. அவ்வாண்டில் அது 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையில் இவர்களுடைய முதுகுவலிக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். நம் பள்ளிகளின் மறுசுழற்சி வாரங்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கும் என்று கேட்டால், என் பதில் அவ்வளவு உற்சாகமாக இராது.

ஏனென்றால் எடைப்போட்டி என்ன கற்பிக்கிறது என்பதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அப்பாவின் அலுவலகத்திலிருந்து மகிழுந்து நிறையக் காகிதம் கொண்டுவரும் பிள்ளை வெற்றி பெறுகிறது. நடந்து வரும் பிள்ளை ஒரு கட்டு நாளிதழைத் தூக்கிவந்து கடைசி இடத்தில் நிற்கிறது. கடையில் பழைய தாளை விலைக்கு வாங்கிவந்து கொடுத்த பெற்றோரும் உண்டு. எடை கூட வேண்டும் என்று நாளிதழ்க் கட்டின் நடுவில் தண்ணீர் தெளித்து வந்த கட்டு ஒன்றை நானே பிரித்திருக்கிறேன். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது. வியாபாரி அந்தக் கட்டோடு பக்கத்துக் கட்டையும் ஒதுக்கிவிட்டார். அதிகக் குப்பை கொண்டு வந்தவருக்குப் பரிசு என்றால், அதிகம் வாங்கி, அதிகம் எறிந்தவருக்குப் பரிசு என்றுதானே பொருள்? வாரம் முடிந்த மறுநாள் சிற்றுண்டிச்சாலைத் தொட்டியில் பார்த்தால் டின்னும் சோறும் ஒன்றாகக் கிடக்கும்.

ஆசிரியர்களாகிய நாமும் இதில் தப்ப முடியாது. பள்ளியில் அதிகமாகத் தாளைச் செலவழிப்பவர்கள் மாணவர்கள் அல்லர், நாமே. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்படும் வரை ஆறாம் ஆண்டு மாணவருக்கு நாம் படியெடுத்துக் கொடுத்த பயிற்சித் தாள்களை அடுக்கியிருந்தால் கூரையைத் தொட்டிருக்கும். பாதிக்கு மேல் ஒரு பக்கம் மட்டுமே அச்சிட்டவை. தேர்வு போனது. பழக்கம் முழுதாகப் போகவில்லை. தாளை மறுசுழற்சி செய்வதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் அதன் இழை குட்டையாகிறது. ஐந்தாறு முறைக்குமேல் தாங்காது. எனவே அச்சிடாத தாளே சிறந்த தாள்.

இந்தியாவில் புனே நகரின் கதையை இங்குச் சொல்லியாக வேண்டும். அங்கே எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் துறையைச் சேர்ந்தவர்கள் குப்பை பொறுக்கும் பெண்களிடையே பணியாற்றத் தொடங்கினார்கள். நம்மைப்போல் கற்பிக்கச் சென்றவர்கள்தாம். அப்பெண்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தவை, தொட்டியில் கிளறாமல் வீட்டு வாசலிலேயே பிரித்த பொருள்கள் கிடைப்பதும், திருடர் என்று சந்தேகிக்கப்படாமல் நடமாடுவதும். 1993-இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் பெயர் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’. மராத்தியில் காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றில் உழைப்போர் மன்றம் என்று பொருள். பொறுக்கும் பொருளையே பெயராக வைத்துக்கொண்டார்கள்! மாநகராட்சியின் ஒப்புதலோடு அடையாள அட்டை பெற்றார்கள். பின்னர் அச்சங்கத்திலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு 2008-இல் புனே மாநகராட்சியோடு உடன்பாடு செய்துகொண்டு வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் பணியை ஏற்றது. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் குப்பை பொறுக்குவோரையும் கழிவு மேலாண்மையில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்றன.

ஈப்போவில் அத்தனை பெரிய சங்கம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம்முடைய தாமான்களில் டின் சேர்ப்பவர் எத்தனை பேர் இருப்பர்? ஒரு தாமானுக்கு இரண்டு மூன்று பேர். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். தெரியாவிட்டால் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பெற்றோருக்கு நான் சொல்வது எளிது. டின்னைத் தனியே வையுங்கள். பாத்திரம் கழுவிய நீரிலேயே ஒருமுறை அலசினால் போதும், அதற்கென்று நல்ல நீரைச் செலவழிக்க வேண்டாம். கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வெளியே வைத்த டின்னில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தொட்டில். டிங்கி வந்தபின் பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. நாளிதழையும் அட்டையையும் கட்டி, நனையாத இடத்தில் வையுங்கள். நாசி லெமாக் பொட்டலத்தின் பழுப்புத் தாளை அதில் சேர்க்காதீர்கள். அதன் உட்புறம் நெகிழிப் பூச்சு, போதாக்குறைக்கு எண்ணெய். கடை ரசீதுகளும் வேண்டாம், அவை வேதிப்பூச்சு பூசிய வெப்பத்தாள். பிறகு, சேர்ப்பவர் வரும் நேரம் பார்த்துக் கையில் கொடுங்கள். ‘இந்தாங்கம்மா’ என்று கொடுங்கள். அவர் குழந்தையின் அணையாடையையும் அழுகிய மீனையும் கிளறி எடுப்பதற்கும், உங்கள் வாசலில் நின்று வாங்கிச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு இரண்டு நிமிட வேலை.

பள்ளிக்கு வருகிறேன். அந்த நிகழ்வுக்குப் பின் நான் வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். பெயர் குறிப்பிடாமல், பொதுவாக. ‘எந்த உழைப்பையும் இழிவாகப் பேசியது என் தவறு’ என்றேன். அந்தப் பையன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டியை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, உலோகங்களை ஓசையால் பிரித்தறிவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லலாம் என்று நினைத்தேன். நல்ல யோசனை என்றே அப்போது தோன்றியது. அவர் மறுத்துவிட்டார். ‘எதுக்கு டீச்சரம்மா, பேரன் மூஞ்ச பாக்கணும்ல’ என்றார். நான் உண்டாக்கிய காயத்தை நான் நினைத்த நேரத்தில், நான் நினைத்த முறையில் ஆற்றிவிடலாம் என்று எண்ணியது எவ்வளவு அறியாமை என்று பிறகு விளங்கியது. அவன் இப்போது இருபது வயதைக் கடந்த இளைஞன். கடைத்தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

எடைப்போட்டி மட்டும் நிற்கவில்லை. இடையில் சில ஆண்டுகள் விடுபட்டது. நவம்பர் 11 தேசிய மறுசுழற்சி நாள் என்பதால் அதனையொட்டி மீண்டும் நடத்தலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலர் விரும்புகின்றனர். வரும் பணத்தில் நூலகத்திற்கு மின்விசிறி வாங்கலாம் என்பது அவர்கள் வாதம். தேவையான மின்விசிறிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க விரும்புகிறேன். தாமானில் மூன்று முதியவர்கள் அந்த மாதம் ஈட்டியிருக்கக்கூடிய பணம் அது. மின்விசிறிக்கு நன்கொடை கேட்போம், நானும் தருகிறேன்.

அதற்குப் பதிலாக நான் முன்வைக்கப்போவது இதுதான். பள்ளியில் சேரும் டின்னையும் தாளையும் மாணவர்களே பிரிக்கட்டும். எடை போடும் கருவி வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி வாசலில், இத்தாமானில் சேர்ப்பவர்கள் வந்து அவற்றைப் பெற்றுச் செல்லட்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் மூட்டைகளைத் தூக்கிக் கொடுக்கட்டும். சென்ற கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெற்றோர், ‘பள்ளிக்கூட வாசலில் குப்பை பொறுக்குறவங்களா டீச்சர்? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?’ என்று கேட்டார். வேறு இரண்டு தாய்மார்கள் தங்கள் வீட்டு டின்களையும் அன்றே கொண்டுவந்து தரலாமா என்று கேட்டார்கள். தலைமையாசிரியர் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்.

கூட்டம் அடுத்த மாதம். அதுவரை ஒரு சிறு வேண்டுகோள். சார்டின் டின்னைத் திறந்தபின் அந்தக் கூரிய மூடியை டின்னுக்குள்ளேயே மடித்துத் தள்ளி, வாயைச் சற்று அழுத்தி மூடிவிடுங்கள். அந்தப் பாட்டியின் கையில் நான் பார்த்த வெட்டுத் தழும்புகளில் பால்வெட்டுக் கத்தி பட்டது ஒன்றுதான். மற்றவை எல்லாம் மூடி கிழித்தவை.